மார்கழியில் பூக்கும் பசுமை மாறாத புதர்ச்செடிகள்: காவேரிப்பட்டணம் வீட்டு வாசலுக்கு எவற்றை வைக்கலாம்?

கேள்வி: தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்திற்கு அருகே நாங்கள் புதிதாகக் கட்டிக் குடிவந்த வீட்டின் முன்புறம், சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பது அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள இடத்தைத் தளம் போடாமல் மண்ணாகவே விட்டு வைத்திருக்கிறோம். ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நின்று, கார்த்திகையில் தொடங்கித் தை முடியும்வரை பூக்கக்கூடிய புதர்ச்செடிகளால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பது என் விருப்பம். மல்லிகை வரத்து ஓய்ந்து, ஒரு முழம் வாங்குவதற்கே யோசிக்க வேண்டிய அந்த மாதங்களில்தான் நாம் விடியற்காலையில் எழுந்து வாசலில் கோலம் போடுகிறோம். கோலத்திற்கு அந்தப் பக்கம் சுவரோரம் வெறும் மண்ணாகக் கிடப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தவறிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை தன் வீட்டுத் தோட்டத்தில் பனிக்காலத்திலும் பூக்கும் கமீலியாவைப் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்து ஆசைப்பட்டு, நெடுஞ்சாலையோரத்து நர்சரி ஒன்றில் எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒரு கமீலியாச் செடி வாங்கி வந்தேன். நம் ஊரில் நன்றாக வரும் என்று உறுதி சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்த மொட்டுகள் விரியாமலேயே உதிர்ந்தன. இலை ஓரங்கள் காய்ந்து பழுப்பேறின. பங்குனி வெயிலில் செடியே பட்டுப்போனது. அடுத்ததாக, பாலக்கோட்டில் உள்ள என் அம்மா வீட்டிலிருந்து டிசம்பர் பூச்செடியின் குச்சிகளைக் கொண்டுவந்து ஆடி மாதத்தில் நட்டேன். அவை நன்கு தழைத்து இடுப்பளவு வளர்ந்தன. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அனைத்தையும் ஒரே மட்டமாகக் கத்தரித்துவிட்டேன். அந்த ஆண்டு ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. அம்மா வீட்டில் யாரும் தொடாமல் விட்ட தாய்ச்செடியோ இலையே தெரியாத அளவுக்குப் பூத்திருந்தது.

மண் செம்மண்தான், இரண்டடி தோண்டினால் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே பாய்ச்சுகிறோம். தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது. இடம் கிழக்கு பார்த்தது. பிற்பகலில் வீட்டின் நிழல் விழும். தெருவிளக்கு ஒன்று தென்மூலையில், சுவருக்கு வெளியே நிற்கிறது. வாயிற்கதவு திறந்திருந்தால் தெருவில் திரியும் ஆடுகள் நுழைந்துவிடும். பூஜைக்கும் தலைக்கும் பறிக்கக்கூடிய பூவாக இருந்தால் என் மாமியார் மிகவும் மகிழ்வார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1: பாப்பாரப்பட்டித் தோட்டம்

அம்மா, உங்கள் டிசம்பர் பூச்செடிக்கு எந்த நோயும் இல்லை. கத்தரித்த மாதம்தான் தவறு. அந்தச் செடி பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் இனம். ஆடி, ஆவணி மழையில் நீண்டு வளர்ந்த இளங்கிளைகளின் நுனியிலும் மேற்கணுக்களிலும் புரட்டாசி, ஐப்பசியில் மொட்டுக்கான அடித்தளம் உருவாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் பச்சைக் கொத்தாகத்தான் தெரியும். ஒரு கணுவைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தால், ஓரத்தில் மெல்லிய முட்கள் வரிசையாக நிற்கும் சிறு பூவடிச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் காணலாம். அந்த அடுக்குக்குள்ளேதான் மார்கழி முழுவதற்குமான பூ இருக்கிறது. தீபாவளிக்கு நீங்கள் வெட்டியெறிந்தது அதைத்தான்.

பூ முடிந்தபின், மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி விட்டு நன்றாக வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு செடிக்கு ஒரு கூடை மட்கிய தொழுவுரம் இட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். கோடையில் துளிர்ப்பதை வைகாசியில் ஒருமுறை நுனி கிள்ளினால் கிளைகள் பெருகும். ஆடி பிறந்தபின் கத்தரியைத் தொடவே கூடாது. அதற்குப் பிறகு செடி ஒழுங்கின்றித் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஊதா, வெள்ளை, வெள்ளையில் ஊதாக் கோடு ஓடியது என மூன்று நிறங்கள் உள்ளன. மூன்றுக்கும் இதே முறைதான்.

பறிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூவைக் காம்போடு கிள்ள முடியாது. செதில்களுக்குள்ளிருந்து நீண்டு வரும் குழலை இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்தால் அப்படியே கழன்று வந்துவிடும். குழல் நீளமாக இருப்பதால் நார் கொண்டு கட்டுவதற்கும், நாரே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னித் தொடுப்பதற்கும் வசதியானது. மணம் கிடையாது, மறுநாள் வாடிவிடும். ஆயினும் மல்லிகை இல்லாத மார்கழியில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் தலையில் அதுதான் இருக்கும். எனக்கு இந்தச் செடிமேல் பற்று அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இது நம் நாட்டுச் செடி; ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும்; சுக்கான் மண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது.

இதன் உறவான கனகாம்பரத்தையும் முன்வரிசையில் வையுங்கள். பூக்கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் அடுக்காக விரிவதால் ஒரு கதிரே பல நாட்கள் பூக்கும். டெல்லி கனகாம்பரம் எனப்படும் வகை விதை வைக்காது; வேர்விட்ட குச்சிகளைத்தான் வாங்கி நட வேண்டும். நூற்புழு வேரைத் தாக்கினால் செடி காரணம் தெரியாமல் மஞ்சளாகி வாடும். ஆகவே அந்தப் புழுவைக் கட்டுப்படுத்த இடையிடையே செண்டுமல்லி நடுவது நல்லது.


மறுமொழி 2: ஓசூர் நாற்றங்கால்

வணக்கம். ஓசூர், தளி பகுதிகளில் நாற்றங்கால் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருபவன் என்ற முறையில், கமீலியா ஏன் பிழைக்கவில்லை என்பதை விளக்க விரும்புகிறேன். அதே ஆசையில் பலர் அதே பணத்தை இழப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கமீலியா தேயிலையின் பேரினத்தைச் சேர்ந்தது. தேயிலை எங்கே வளர்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே அதற்கு என்ன தேவை என்பது புரிந்துவிடும்: அமிலத்தன்மையுள்ள மண், ஈரக்காற்று, மிதமான கோடை. அடுத்த பருவத்திற்கான மொட்டுகளை அது கோடையிலேயே உருவாக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வேர் காய்ந்தாலோ வெப்பம் மிகுந்தாலோ மொட்டுகள் பிறகு உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு கலந்த உங்கள் மண்ணும், அதைவிட மோசமாக உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரும் அதற்கு நேர் எதிரானவை. உதகையிலோ குன்னூரிலோ வைத்துப் பார்க்கலாம். காவேரிப்பட்டணத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் வராது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பூக்கும் மஹோனியா, சார்கொகாக்கா, டாப்னி ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். அங்கே உறைபனியில் தேனீக்கள் அரிதாகவே வெளிவருகின்றன. வரும் சிலவற்றைத் தொலைவிலிருந்தே அழைக்க வேண்டியிருப்பதால்தான் அவற்றுள் பலவற்றுக்கு அவ்வளவு மணம். டாப்னியின் ஓர் இனம் இமயமலையில் வளர்கிறது; நேபாளத்தில் அதன் பட்டையிலிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். மஹோனியாவின் உறவுச்செடி ஒன்று நம் நீலகிரியிலேயே காட்டுச்செடியாக உள்ளது. ஆயினும் அவை மலையுச்சியின் செல்வங்கள். சமவெளிக்கு இறக்கிக் கொண்டுவந்து வதைக்க வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே உயர வேறுபாடு பெரிது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. காவேரிப்பட்டணம் அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வானது. ஓசூர் நர்சரியில் செழித்து நிற்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டு மலையிறங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் இடத்திற்கு நான் சொல்லக்கூடியது கேலியாண்ட்ரா. நர்சரிகளில் பவுடர் பஃப் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. குளிர் மாதங்களில்தான் மிகுதியாகப் பூக்கும். இதன் மொட்டுக்கொத்து, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து முசுக்கொட்டைத் தோட்டங்களில் நாம் பறித்துத் தின்னும் செம்பழத்தைப் போலவே இருக்கும். மறுநாள் காலையில் அந்தப் பழம் வெடித்து, நூற்றுக்கணக்கான சிவப்பு இழைகள் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகள் அனைத்தும் மகரந்தத்தாள்களே. தேன்சிட்டுகள் விடிந்ததும் வந்துவிடும். இரவில் இலைகள் தூங்குமூஞ்சி மரத்தைப் போல மூடிக்கொள்ளும். ஆறடி, ஏழடி அகலம் பரவும் ஆகையால் உங்கள் நாற்பதடியில் இரண்டு செடிகளே போதும். இதையும் பூ ஓய்ந்தபின் மட்டுமே கத்தரிக்க வேண்டும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட தெருவிளக்கு. உங்கள் கேள்வியிலேயே முக்கியமான செய்தி அதுதான் என்று நான் கருதுகிறேன். கிறிஸ்துமஸ் காலத்தில் எல்லாக் கடைகளிலும் வைக்கப்படும் பாயின்செட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவைச் சேர்ந்த அந்தச் செடியில் சிவப்பாகத் தெரிபவை பூவிதழ்கள் அல்ல, இலைகளே. நடுவில் மஞ்சளாக இருக்கும் சிறு மணிகள்தாம் பூ. அந்த இலைகள் சிவக்க வேண்டுமானால், தொடர்ந்து பல வாரங்கள் ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக இடையறாத இருள் வேண்டும். வடக்கே தொலைவில் உள்ள நாடுகளில் மார்கழி இரவு பதினைந்து, பதினாறு மணி நேரம் நீள்வதால் சிறிது வெளிச்சம் பட்டாலும் மிச்சம் இருக்கும். நம் ஊரிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ 11 மணி 25 நிமிடம். மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடம். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம்கூட வேறுபாடு இல்லை. அவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கணக்கிட்டுத்தான் நம் குளிர்காலச் செடிகள் பருவத்தை அறிகின்றன. மேலே ஓர் எல்இடி விளக்கு இரவெல்லாம் எரிந்தால் அவற்றுக்குப் பருவமே வந்து சேராது. எங்கள் தெருவில் ஒரு பாயின்செட்டியாச் செடி விளக்கை நோக்கிய பக்கம் பச்சையாகவும், சுவர் நிழல் விழுந்த பக்கம் சிவப்பாகவும், நடுவில் கோடு கிழித்தாற்போல நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே டிசம்பர் பூவைத் தென்மூலையில் வைக்காதீர்கள். விளக்கின் கீழே, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுவதும் பூக்கும் நந்தியாவட்டையை வைத்துவிடுங்கள், பூஜைக்கும் ஆகும்.


மறுமொழி 3: தீர்த்தமலை அடிவாரம் (அரூர்)

இருவரும் நல்ல விளக்கங்கள் தந்துள்ளனர். என் பங்குக்கு, நர்சரிக்கே போகாமல் கிடைக்கும் மூன்று செடிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் பெயரே அப்படி. உங்கள் வாயிற்கதவுக்கு அருகே இதைவிடப் பொருத்தமான காவல் கிடையாது. எட்டடி வரை வளரக்கூடியது. நான்கடியில் கத்தரித்து வேலியாகவும் நிறுத்தலாம். மார்கழி முதல் மாசி வரை, வாய் திறந்தாற்போன்ற வெள்ளைப் பூக்கள் கதிர்களாக வரும். கீழுதட்டில் மெல்லிய ஊதாக் கோடுகள் இருக்கும். இதை மருந்துச்செடி என்று மட்டுமே எண்ணி மக்கள் கொல்லையில் ஒதுக்கிவிட்டார்கள். முன்வாசலில் வைத்துப் பாருங்கள். அடர்பச்சை இலைக்குமேல் அந்த வெள்ளைக் கதிர்கள் எவ்வளவு அழகானவை என்பது அப்போதுதான் தெரியும். சளி, இருமலுக்கு இலைக் கஷாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கூடுதல் பயன். அரளியையும் ஆடு கடிப்பதில்லை என்று சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது ஆவாரை. போகியன்று வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் காப்புக் கட்டுவதற்கு நாம் தேடிப்போகும் அதே செடிதான். முன்பெல்லாம் ஊருக்கு வெளியே கால்வைத்த இடமெல்லாம் ஆவாரை இருக்கும். இப்போது எங்கள் பகுதியில் மனைப்பிரிவுகள் வந்தபின் காப்புக்கட்டுக்கே சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சுக்கான் மண்ணில் இதைப்போல மகிழ்ந்து வளரும் செடி வேறில்லை. விதையின் தோல் மிகக் கடினமானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து வாடிவிடும் என்பதால், இருக்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. தண்ணீர் அதிகம் விட்டால் இலைதான் கொழுக்கும்.

மூன்றாவது வெட்சி, இட்லிப்பூ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடிய பூ இது. புறத்திணையில் முதலாவதற்கு இதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவ்வாறான ஆநிரைப் பூசல்களில் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பெருமைக்காகவேனும் இந்த இரு மாவட்டங்களிலும் வீட்டுக்கு ஒரு வெட்சி இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். குளிரில் இதன் பூ சற்றுக் குறையும் என்பதையும் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும்; ஆனால் அறவே நிற்காது.

உங்கள் நீரில் வெட்சிக்கு ஒரு சிக்கல் வரும். தளிரிலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுதியால் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (பெரஸ் சல்பேட்) உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின் மேல் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து இந்தச் செடிகளுக்கு மட்டும் விட்டால் இன்னும் நல்லது.

உண்ணிச்செடியை, அதன் வண்ணப் பூவுக்காக யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் காடுகளில் அது பரவி அடித்தளப் புல்லையே அழித்துக்கொண்டிருக்கிறது.


தென்பெண்ணைக்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. படித்தபின் இரவு ஒன்பது மணிக்கு வெளியே சென்று, வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று கோலப்பொடியால் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். தென்மூலையிலிருந்து பதினாறு அடிவரை கையிலுள்ள செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிகிறது. நான் டிசம்பர் பூவை நட்டிருந்ததும் அந்தப் பதினாறு அடிக்குள்தான். ஆகவே அந்த ஆண்டு வெட்டாமல் விட்டிருந்தாலும் குறைவாகத்தான் பூத்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

இப்படி வைக்க எண்ணியிருக்கிறேன்: வெளிச்சம் விழும் பதினாறு அடியில் நந்தியாவட்டையும் வெட்சியும், அடுத்து ஒரே ஒரு கேலியாண்ட்ரா, அதற்கு வடக்கே இருட்டான பகுதி முழுவதும் டிசம்பர் பூ, முன்வரிசையில் கனகாம்பரம், கதவருகே ஆடாதோடை. ஆவாரையைச் சுவருக்கு வெளியே, நீர் பாயாத இடத்தில் விதைக்கிறேன். இப்போதுள்ள டிசம்பர் பூச்செடிகளைப் பிடுங்கி வடக்கே மாற்றலாமா, அல்லது புதிதாகக் குச்சி நடுவதா? மாமியாருக்கு மணமுள்ள வெள்ளைப்பூ ஒன்றும் வேண்டுமாம். அதற்கு ஏதேனும் வழி உண்டா?


மறுமொழி 4: பாப்பாரப்பட்டித் தோட்டம்

பழைய செடிகளைப் பிடுங்க வேண்டாம். பங்குனியில் வெட்டும் கிளைகளில் பென்சில் பருமனுள்ள பகுதியை முக்கால் சாணாக நறுக்கி நிழலில் நட்டு வேர்பிடிக்க விடுங்கள். மூன்று கணுக்கள் இருந்தால் போதும், ஒன்று மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஆடி மழைக்கு எடுத்து இரண்டடி இடைவெளியில் நடுங்கள். புதுச்செடிகள் பூத்ததைக் கண்ணால் பார்த்தபிறகு பழையவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

மாமியாருக்கு நட்சத்திர மல்லிகை வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.1 என்ற பெயரில் வெளியிட்ட வகை, சாதாரண மல்லிகை ஓய்ந்துவிடும் கார்த்திகை முதல் மாசி வரையிலும் மொட்டுத் தரும். இலை உதிராத புதர். மணம் குண்டுமல்லியைவிட மென்மையானது. நாற்று எங்கே கிடைக்கும் என்பதைப் பையூரில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கம்தான். போகும்போது மண்ணையும் கிணற்று நீரையும் கொஞ்சம் எடுத்துச் சென்று, பரிசோதனைக்கு எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


மறுமொழி 5: ஓசூர் நாற்றங்கால்

திட்டம் சரியாக உள்ளது. ஒரே ஒரு திருத்தம்: கேலியாண்ட்ராவைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள். குழி இரண்டடி ஆழம் எடுத்து, வரும் சுக்கான் கல்லை அப்புறப்படுத்திவிட்டு, தோட்டத்து மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சம அளவு கலந்து நிரப்புங்கள். வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள்; வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் வேறு செடியைக் கேளுங்கள்.